இழுக்க மட்டுமே தெரிந்தது

கதவைத் தள்ளித் திறக்கிறோம். ஆனால் எலும்போடு பிணைந்த தசைகளில் தள்ளுகிற தசை என்று ஒன்று கிடையாது. எல்லாம் இழுக்கும், பிறகு தளரும். அவ்வளவுதான். மேல்கையின் பின்பக்கம், முழங்கை முனைக்குச் சற்று மேலே இரண்டு விரலை வைத்துக்கொண்டு சுவரைத் தள்ளிப் பாருங்கள். முத்தலைத் தசையின் நாண் விரலுக்கடியில் விறைத்து எழும். மூட்டுக்குப் பின்னால் நீண்டிருக்கும் முழங்கை முனையைப் பிடித்து அது மேல்நோக்கி இழுக்கிறது. அதனால் முன்கை நிமிர்கிறது. இழுப்பைத் தள்ளலாக மாற்றித் தருவது எலும்பு.

*

5 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றை, முழங்கையை மடக்கி உள்ளங்கையில் ஏந்தி நிற்பதாக வைத்துக்கொள்வோம். இருதலைத் தசை முன்கை எலும்பைப் பற்றியிருக்கும் இடம் மூட்டிலிருந்து ஏறக்குறைய 4 செ.மீ. கேனோ 32 செ.மீ. தள்ளி இருக்கிறது. ஆக, 5 கிலோவை ஏந்த அந்தத் தசை சுமார் 40 கிலோ எடைக்கு ஈடாக இழுத்தாக வேண்டும். பார்த்தால் நஷ்டம்தான். ஆனால் தசை 1 செ.மீ. குறுகினால் கை 8 செ.மீ. நகர்ந்துவிடுகிறது. வலுவைக் கொடுத்து வீச்சையும் வேகத்தையும் வாங்கியிருக்கிறது உடம்பு. தவறி விழப்போகும் குழந்தையை எட்டிப் பிடிக்க அந்த வேகம்தான் வேண்டும்.

*

1954 மே மாதம், ‘நேச்சர்’ இதழில் இரண்டு கட்டுரைகள் ஒன்றாக வந்தன. ஒன்று ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரால்ஃப் நீடர்கெர்கேயும் எழுதியது. இன்னொன்று ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும். இரண்டு ஹக்ஸ்லிகளும் உறவுக்காரர்கள் அல்ல. இரு தரப்பும் கண்டது ஒன்றே: தசை குறுகும்போது உள்ளிருக்கும் இழைகள் குறுகுவதில்லை. மெல்லிய ஆக்டின் இழைகள், தடித்த மையோசின் இழைகளுக்கு நடுவே வழுக்கி நுழைகின்றன. மையோசினிலிருந்து நீளும் சிறு தலைகள் ஆக்டினைப் பற்றி இழுக்கின்றன. ஒரு இழுப்பில் நகரும் தூரம் 10 நானோமீட்டர் அளவுதான். தேர் வடத்தில் ஒருவர் கை மாற்றும் நேரத்தில் மற்றவர்கள் விடாமல் பிடித்திருப்பார்களே, அப்படி, சில தலைகள் விடும்போது சில பிடித்திருக்கின்றன. அதனால் இழை பின்னுக்கு நழுவுவதில்லை.

*

ஏந்திய கேன் அசையவில்லை. இயற்பியல் கணக்கில் செய்த வேலை பூஜ்யம். உள்ளே தலைகள் பிடிக்கின்றன, விடுகின்றன, மறுபடி பிடிக்கின்றன. ஒவ்வொரு சுற்றுக்கும், தசையின் எரிபொருளான ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்று செலவு. அத்தனையும் சூடாகப் போகிறது. நேரம் ஆக ஆகக் கை நடுங்கத் தொடங்கும்.

நிற்பதும் இப்படித்தான். கெண்டைக்கால் தசை விடாமல் இழுப்பதால்தான் உடம்பு முன்னால் சாயாமல் இருக்கிறது. கடை ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. நாள் முழுதும் துணிக்கடையில் நிற்கும் பெண்ணை ‘சும்மா நிற்கிறாள்’ என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

*

விடுவதற்கும் ஏ.டி.பி. வேண்டும் என்பதை நெடுநேரம் யோசித்திருக்கிறேன். புது மூலக்கூறு வந்து ஒட்டினால்தான் மையோசின் தலை ஆக்டினை விட்டுப் பிரியும். மூச்சு நின்றபின் அது தீர்ந்துபோகிறது. பிடித்த தலைகள் பிடித்தபடி இறுகிவிடுகின்றன. சில மணி நேரத்தில் தாடை விறைக்கும், பிறகு கைகால்கள். உயிர் பிரிந்ததுமே பெரியவர்கள் கண்ணை மூடிவிட்டு, நாடியைத் துணியால் கட்டி, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். தாமதித்தால் வாயை மூட வராது. புரதங்கள் சிதையத் தொடங்கியபின், ஓரிரு நாளில் அந்த இறுக்கம் தானாகத் தளரும்.

*

பழனியில் படியேறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போது வாங்காது. ஆனால் ஒவ்வொரு படியிலும் முன்தொடைத் தசை உடம்பின் பாரத்தைப் பிடித்துக்கொண்டே நீள வேண்டியிருக்கிறது. இழுத்துக்கொண்டே நீளும் தசை, குறுகும்போது தருவதைவிட அதிக விசையைத் தாங்கும். அதற்கு வேலையில் இறங்கும் இழைகளோ குறைவு. அந்த இழைகளில் நுண்ணிய சேதம் நேர்கிறது. ஊர் திரும்பிய மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ தொடையில் வருகிற வலி, பெரும்பாலும் ஏறிய படிகளால் அல்ல, இறங்கிய படிகளால் வருவது.