மூன்று நாள் வழி

கோபன்ஹேகனுக்குத் தனியாக மூன்று நாள் போய்வர நினைக்கும் ஒருவர், விமானம் ஏறுவதற்கு வெகு முன்பே அந்த மூன்று நாளுக்கும் கணக்குக் காட்டியாக வேண்டும். எந்த இரவு எங்கே தங்கல், திரும்பும் டிக்கெட் எங்கே, கையிருப்பு எவ்வளவு, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு உண்டா என்றெல்லாம் ஷெங்கன் விசா விண்ணப்பம் கேட்கிறது. இந்தத் தாள்களைச் சேர்த்து முடிப்பதற்குள் அவர் பாதி ஊரைப் பார்த்துவிட்டிருப்பார். காஸ்ட்ரப் விமான நிலையத்திலிருந்து மெட்ரோ கால் மணி நேரத்தில் நகருக்குள் கொண்டுபோய் விடும் என்பது அவருக்குத் தெரியும். டிசம்பரில் பகல் ஏழு மணி நேரம்தான், ஜூனில் பதினேழரை மணி நேரம் என்பதும் தெரியும். நியூஹவுன் கால்வாயோரத்து வண்ண வீடுகளை எங்கே நின்று படமெடுத்தால் எடுப்பாக வரும் என்பதுகூட அத்துப்படி.

இத்தனையும் தெரிந்தபின் அங்கே போய் இறங்கப்போவது யார்? துணைக்கு ஆள் இல்லை என்பதாலேயே ஒருவர் தனியாகப் போகிறார் என்று சொல்லிவிட முடியுமா?

அந்த ஊர்க்காரர் ஒருவரே இதைத் தம் வாழ்நாள் கேள்வியாக்கிக்கொண்டார். தத்துவவாதி சோரன் கீர்க்ககார்ட் 1813 மே 5 அன்று கோபன்ஹேகனின் நியூடோர்வ் சதுக்கத்து வீட்டில் பிறந்தவர். தந்தை மிகேல், யுட்லாந்தின் வறண்ட புல்வெளியில் ஆடு மேய்த்த சிறுவனாயிருந்து, தலைநகருக்கு வந்து கம்பளித் துணி வணிகத்தில் செல்வம் சேர்த்தவர். மொரேவிய சபையின் பக்திக் கூட்டங்களுக்குத் தவறாமல் போனவர். (இதே பக்தி இயக்கத்தின் இன்னொரு கிளைதான், டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடெரிக்கின் ஆதரவோடு மறைபரப்பாளர் சீகன்பால்குவை 1706இல் தரங்கம்பாடியில் கொண்டுவந்து இறக்கியது.) கடவுளின் முன் ஒவ்வொருவரும் ஒற்றை ஆளாகத்தான் நிற்க வேண்டும் என்ற அச்சம் அந்த வீட்டின் காற்றிலேயே கலந்திருந்தது.

1843 அக்டோபர் 16 அன்று கீர்க்ககார்டின் இரண்டு நூல்கள் ஒரே நாளில், வெவ்வேறு புனைபெயர்களில் வெளிவந்தன. ஒன்று 'மீண்டும் நிகழ்தல்', மற்றது 'அச்சமும் நடுக்கமும்'. இரண்டுமே பயணக் கதைகள். அவற்றை அருகருகே வைத்துப் படிக்கும்போதுதான் திட்டமிடுவது பற்றிய கேள்விக்கு உயிர் வருகிறது.

முதல் நூலில் வரும் கான்ஸ்டன்டின், முன்பு பெர்லினில் கழித்த இனிய நாட்களை அப்படியே மறுபடி அடைய முடியுமா என்று சோதித்துப் பார்க்கக் கிளம்புகிறார். பழைய விடுதி, பழைய நாடக அரங்கு, பழைய நகைச்சுவை நடிகர் எல்லாம் மறுபடி வேண்டும். போய்ப் பார்த்தால், வீட்டுக்காரருக்குக் கல்யாணமாகிவிட்டிருக்கிறது. முன்போல் இரண்டு அறை தர வழியில்லை, ஒன்றுதான். அரங்கில் முன்பு தனியாக உட்கார்ந்து ரசித்த இடம் கிடைக்கவில்லை. சிரிக்கவைத்த நடிகர் இந்த முறை சிரிக்கவைக்கவில்லை. அரை மணி நேரத்தில் எழுந்து வந்துவிடுகிறார். சலித்து ஊர் திரும்பினால், முதலாளி இப்போது வரமாட்டார் என்று நம்பிய வேலையாள் வீட்டைத் தலைகீழாகப் புரட்டிச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறான். கீர்க்ககார்டுக்கு இது வெறும் கற்பனை அன்று. ரெகினே ஓல்சனுடனான நிச்சயத்தை முறித்துக்கொண்டு 1841இல் பெர்லினுக்குப் போனவர், 1843 மே மாதம் மறுபடியும் அங்கே போயிருந்தார்.

இன்றைய பயணியின் நிலை இதைவிடச் சிக்கலானது. கான்ஸ்டன்டின் தேடியது தம்முடைய பழைய இன்பத்தை. கைபேசியில் பட்டியல் போடுகிறவர் தேடுவது முன்பின் அறியாத ஆயிரம் பேர் அடைந்த இன்பத்தை. எத்தனை நட்சத்திரம், எந்த நேரத்தில் கூட்டம் குறைவு, எந்தக் கடையில் எந்த ரொட்டி என்று தேர்வு முழுவதையும் கூட்டத்திடம் ஒப்படைத்துவிட்டு, உடம்பை மட்டும் தனியாக அனுப்பி வைக்கிறார். கூட்டம் என்பது ஆளைப் பொறுப்பிலிருந்து கழற்றிவிடுகிறது என்பதே கீர்க்ககார்டின் தீராத புகார். யாரோ சொன்னார்கள் என்று போய் நின்ற இடம் பிடிக்காமல் போனால் பழி அந்த யாரோவுக்கு. பிடித்துப்போனாலும் அந்த மகிழ்ச்சியில் பாதி அவர்களுடையதுதான்.

இரண்டாவது நூலின் பயணி ஆபிரகாம். மகனைப் பலி கொடுக்கச் சொல்லிக் கடவுள் கேட்க, மோரியாவை நோக்கி அவர் போனதும் மூன்று நாள் வழிதான். அவர் தனியாகப் போகவில்லை. மகன் ஈசாக்கு உண்டு, வேலையாட்கள் இருவர் உண்டு, கழுதை உண்டு. ஆனாலும் உலக இலக்கியத்தில் அவரைப் போலத் தனித்துப்போன பயணி வேறு யார்? ஏன் போகிறோம் என்பதை மனைவியிடமோ மகனிடமோ அவரால் சொல்ல முடியாது. சொன்னாலும் யாருக்கும் விளங்காது. எந்த மலை என்பதே புறப்படும்போது அவருக்குத் தெரியாது. வழியில் காட்டப்படும் என்ற வாக்கு மட்டும்தான் கையில் இருந்தது.

திட்டமிடுவதே தவறு என்று இதிலிருந்து யாராவது முடிவுகட்டினால் கதையைச் சரியாகப் படிக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். ஆபிரகாம் விடியலில் எழுந்தார், கழுதைக்குச் சேணம் கட்டினார், விறகு பிளந்து எடுத்துக்கொண்டார். ஆதியாகமம் இந்தச் சின்னச் சின்ன வேலைகளை விடாமல் சொல்கிறது. செய்ய வேண்டியது எல்லாவற்றையும் செய்தார். முடிவை மட்டும் தம் கையில் வைத்துக்கொள்ளவில்லை. புதிய ஊரில் நள்ளிரவில் வந்து இறங்கப்போகும் ஒரு பெண் தங்குமிடத்தின் முகவரியையும் கடைசி ரயிலின் நேரத்தையும் குறித்துவைப்பது விறகு பிளப்பதைப் போன்றதுதான். அதில் ஆன்மிகக் குறைவு ஒன்றும் இல்லை. சிக்கல் தொடங்குவது, அந்த மூன்று நாளில் தனக்கு என்ன நேர வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதிவைக்கும்போது.

கீர்க்ககார்டின் சிறுவயதைச் சார்ந்தது என்று கருதப்படும் ஒரு காட்சி, அவர் முடிக்காமல் விட்ட 'யோஹன்னஸ் கிளிமாக்கஸ்' என்ற எழுத்தில் இருக்கிறது. வெளியே போகலாமா என்று பையன் கேட்கிறான். தந்தை பெரும்பாலும் மறுத்துவிடுகிறார். அதற்குப் பதில் கையைப் பிடித்துக்கொண்டு அறைக்குள்ளேயே அவனை மேலும் கீழும் நடத்துகிறார். நகர வாயிலைக் கடக்கிறார்கள், கடற்கரைக்குப் போகிறார்கள், எதிரே வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்கிறார்கள். வண்டிகள் கடகடத்துப் போவதில் தந்தையின் குரல் அமுங்கிப்போகிறது. அரை மணி நேரத்தில் பையன் நாள் முழுக்க அலைந்தவனைப் போலக் களைத்துவிடுகிறான்.

இதைவிட அழகான பயணத் திட்டம் ஏது? அதே நேரம், இதைவிட ஆபத்தானதும் ஏது? 1849இல் வெளிவந்த 'மரணத்துக்கேதுவான நோய்' நூலில், சாத்தியங்களிலேயே ஓடி ஓடி, கால் ஊன்ற ஓர் இடம் இல்லாமல் தன்னைத் தொலைத்துவிடும் மனிதனைப் பற்றிக் கீர்க்ககார்ட் எழுதுகிறார். கோபன்ஹேகனிலிருந்து பாலத்தைக் கடந்தால் ஸ்வீடனின் மால்மோ. ரயிலேறினால் ரோஸ்கில்டேயில் வைக்கிங் கப்பல்கள், ஹெல்சிங்கோரில் க்ரோன்போர்க் கோட்டை. எல்லாமே ஒரு மணி நேரத்துக்குள். மூன்றே நாள் விடுப்பும் எண்ணி வைத்த குரோன்களும் இந்தச் சாத்தியங்களில் பெரும்பாலானவற்றை வெட்டிவிடுகின்றன. கீர்க்ககார்டின் கணக்கில் இந்தக் கட்டாயமும் வேண்டியதுதான்; சாத்தியமும் கட்டாயமும் சேர்ந்தே ஒருவர் தாமாக ஆகிறார். குறுகிய பயணத்தின் அருமை இதில்தான் இருக்கிறது.

தனிமை என்றதும் மனித அரவமில்லாத கடற்கரையைத் தேடுகிறவர்களுக்குக் கீர்க்ககார்டின் அன்றாடம் வேறொன்றைக் காட்டுகிறது. கோபன்ஹேகன் தெருக்களில் தினமும் நடந்தார். பிரபு, வேலைக்காரர் என்று பாராமல் எதிர்ப்பட்டவரின் கையைக் கோத்துக்கொண்டு பேசினார். 1846இல் 'கோர்சாரன்' இதழ் அவருடைய கால்சட்டையின் நீளத்தைக்கூட விடாமல் கேலிச்சித்திரம் போட்டுத் தெருவையே அவருக்கு எதிராகத் திருப்பியது. அந்தக் காயம் ஆறவில்லை. கூட்டத்தைப் பற்றி அவ்வளவு கடுமையாக எழுதியவர், எதிரே வரும் ஒற்றை மனிதரை அவ்வளவு விரும்பினார் என்பதில் முரண் எதுவும் இல்லை.

மூன்று நாளில் ஒரே ஒரு இடத்தில்தான் நின்று நிதானிக்க முடியும் என்றால் அது அன்னை மரியாள் பேராலயமாகட்டும். 1807இல் பிரிட்டிஷ் குண்டுவீச்சில் அழிந்து, திரும்பக் கட்டி 1829இல் திறக்கப்பட்ட கோவில். உள்ளே தோர்வால்ட்சன் செதுக்கிய கிறிஸ்து, கைகளை விரித்து, தலையைக் கவிழ்த்து நிற்கிறார். தூரத்திலிருந்து பார்த்தால் அவர் கண் நம் கண்ணோடு சேராது. அருகே போய் அண்ணாந்து பார்க்க வேண்டும். கீர்க்ககார்ட் குருப்பட்டம் பெறாதவர். ஆனாலும் வெள்ளிக்கிழமை நற்கருணை வழிபாடுகள் சிலவற்றில் இங்கே பேசியிருக்கிறார். வெள்ளிக்கிழமையில் அவருக்குத் தனி விருப்பம். ஞாயிறென்றால் ஊரே வரும். வெள்ளியன்று வெளியே தெருவின் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்க, வேலையை விட்டு வருகிறவர் தாமாகத் தீர்மானித்து வந்தவர்.

டேனிஷ் நாற்காலிகளைப் பார்க்கப் பலரும் பட்டியலில் சேர்க்கும் பிரெட்கேட் தெரு வடிவமைப்பு அருங்காட்சியகம், அன்று ஃபிரெடெரிக் மருத்துவமனை. 1855 இலையுதிர்காலத்தில் தெருவில் விழுந்த கீர்க்ககார்டைக் கொண்டுவந்து சேர்த்தது அங்கேதான். அரசுச் சம்பளம் வாங்கும் குருமார் கையால் நற்கருணை வேண்டாம் என்று மறுத்துவிட்டார். அண்ணன் பேட்டரும் குருவானவர். பார்க்க வந்தவரைத் திருப்பி அனுப்பினார். ஆனால் பால்ய நண்பர் எமில் போசனை, அவரும் குருவானவர்தான் என்றாலும், படுக்கையருகே உட்காரவைத்துப் பல நாள் பேசினார். நவம்பர் 11 அன்று உயிர் பிரிந்தது. ஒற்றை ஆளாக நிற்பது எப்படி என்று அத்தனை நூல்களில் எழுதியவருக்குக் கடைசியில் நண்பர் ஒருவர் வேண்டியிருந்தாரே, அது அவருடைய தோல்வியா, நிறைவா என்பதை வாசகர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.