கலைக்குமா பிறப்புச் சான்று?

திருத்தணியை அடுத்த கே.ஜி.கண்டிகையில், தேநீர்க் கடைப் பலகையிலே அமர்ந்து, இளந்தோழர் இருவரிடம் இரண்டு படங்களைக் காட்டினேன். முதலாவது, கீழக்கரையின் பழைய ஜும்ஆ பள்ளிவாசல். "கோயில் மண்டபத்தைப் பார்த்தெடுத்த நகலாக அன்றோ இருக்கிறது!" என்றார் ஒருவர். அடுத்தது, நாகூர் தர்காவின் மினாரா. "இது நம்முடையதன்று, ஐயா; அயலார் கலை" என்றார் மற்றவர்.

நம்முடையது போலிருந்தால் நகல், போலில்லையேல் அயல்! அப்படியாயின் அந்தக் கலை எப்படித்தான் இருந்திட வேண்டும்? இருவரும் பகுத்தறிவு பேசுபவர்கள். மதவெறி கண்டு மனம் கொதிப்பவர்கள். எனினும் கலையைக் கண்டதும் அவர்கள் கேட்டது அதன் அழகையன்று, அறிவையன்று, பிறப்பை! தண்ணீர் தருமுன் குலம் கேட்கிறானே வைதிகன், அவன் கேள்விக்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

கீழக்கரைக்கே செல்வோம். குதிரை விற்கவும் முத்து வாங்கவும் மன்னார் வளைகுடாக் கரைக்கு வந்த அரபு வணிகர் பலர் இங்கேயே தங்கினர், மணந்தனர், தமிழராயினர். தொழுதிட இடம் தேவைப்பட்டபோது கைகொடுத்தது இம்மண்ணின் கட்டட மரபு. வரிசை வரிசையாய்க் கல்தூண். தூணின் தலையில் போதிகை. மேலே தட்டையான கற்கூரை. ஆனால், தூணிலே தெய்வ உருவம் இல்லை. கொடி உண்டு, மலர் உண்டு. மக்கா இருக்கும் மேற்றிசையை மிஹ்ராபு காட்டுகிறது. காயல்பட்டினத்துப் பழைய பள்ளிவாசல்களிலும் இம்மரபைக் காணலாம். நகலெடுப்பவன் கண்டதையெல்லாம் எடுப்பான். இங்கோ கொண்டதும் உண்டு, தள்ளியதும் உண்டு. அதற்குச் சிந்தனை வேண்டும், துணிவும் வேண்டும்.

நாகூர் மினாராக்களில் உயர்ந்தது 131 அடி. எழுப்பித்தவரோ, 1739 முதல் 1763 வரை தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப் சிங். மன்னர் இந்து, மொழி மராத்தி, மண் தமிழ் மண், கட்டியது தர்காவின் மினாரா. அயலார் என்று யாரைக் காட்டுவது?

17-ஆம் நூற்றாண்டின் உமறுப்புலவர் சீறாப்புராணத்திலே, தமிழ்க் காப்பிய மரபுப்படி நாட்டுப்படலம் பாடி, அரபு நாட்டில் ஆறு ஓடவிட்டார், வயல் விளைவித்தார். பாலைவனத்தில் நெல்லா என்று நானும் ஒரு காலத்தில் நகைத்தவன்தான். புவியியல் தேர்வில் அவருக்கு மதிப்பெண் கிடைக்காது, உண்மை. ஆயினும் தான் போற்றும் நாட்டைத் தான் அறிந்த அழகைக் கொண்டன்றி வேறு எதனால் அவர் அணி செய்வார்?

தமிழகத்தின் தனிப்பழக்கமோ இது? அன்று. பாரசீகத்துக் கோபால்ட்டு சீனம் சென்றது. வெண்பீங்கானில் நீலப் பூவாய் மலர்ந்து மேற்கே திரும்பி வந்தது. துருக்கியின் இஸ்னிக் நகரக் குயவர்கள் அதைக் கண்டு தம் தட்டுகளில் புதிதாய்த் தீட்டினர். அந்த நீலத்துக்குச் சாதி என்ன?

"தில்லியை மறந்துவிட்டீர்களே!" என்றார் முதல்வர். மறக்கவில்லை. குதுப் வளாகத்தில் 1190-களில் தொடங்கிய பள்ளிவாசலுக்கு 27 கோயில்களின் பொருள்கள் பயன்பட்டன என்று அதன் கல்வெட்டே சொல்கிறது. அது பரிமாற்றமன்று, பறிப்பு. பறிப்பைப் பறிப்பென்றே சொல்வோம். ஆனால், வாள்முனையில் பெயர்த்த தூணுக்கும் உளிமுனையில் வடித்த தூணுக்கும் வேறுபாடு தெரிய வேண்டாமா? எவ்வாறு வந்தது என்று கேட்பது அறிவு. எவருக்குப் பிறந்தது என்று மட்டும் கேட்பது அறிவாகாது.

மற்றவர் விடவில்லை. "பிறமொழிச் சொல் கலந்தால் நாம் எதிர்க்கிறோமே, அது மட்டும் என்ன?" நெற்றியடி போன்ற கேள்வி! திணித்ததை எதிர்த்தோம், விரும்பிக் கொண்டதையன்று என்றேன். எல்லா வேளையும் அந்த வேறுபாட்டை நாம் காத்தோமா என்றால், இல்லை. ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கடைக்காரர் ஒருவரிடம் தமிழிலும் அடுத்தவரிடம் தெலுங்கிலுமாகக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். 1960 ஏப்ரல் முதல் நாள் இப்பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைக்கோடு இடம் மாறியது, அவர்கள் பேச்சு மாறவில்லை. இளந்தோழர் கீழக்கரைப் படத்தை மீண்டும் வாங்கிப் பார்த்தார். "கட்டச் சொன்னவர் பெயரெல்லாம் சொன்னீர்கள். கல்லைச் செதுக்கியவன் பெயர் என்ன?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் விடையில்லை.