கோபிச்சுக்கிட்டுப் போன பிள்ளையைத் தேடி மலையேறின அப்பா அம்மா

ஓம் சரவணபவ! 

ஞானப்பழக் கதை நமக்கெல்லாம் தெரியும். மயிலேறி உலகத்தையே சுத்தி வந்த பிள்ளைக்குப் பழம் இல்லை. அது அண்ணன் கையில இருந்தது. எல்லாத்தையும் துறந்துட்டு மலையில போய் நின்னான் முருகன்.

அதுக்கப்புறம் அப்பா அம்மா என்ன செஞ்சாங்க? "ஒரு பழத்துக்கா இவ்வளவு கோபம்?"னு திட்டலை. "அண்ணனைப் பார்த்துக் கத்துக்கோ"ன்னு சொல்லலை. "பசிச்சா தானா வருவான்"னு விடவும் இல்லை. சிவனும் பார்வதியும் பிள்ளை நிக்கிற இடத்துக்கே தேடிப் போனாங்க. "பழம் நீ"ன்னாங்க. அதுவே பழநி ஆச்சுன்னு பெரியவங்க சொல்லுவாங்க.

பிளஸ் டூ ரிசல்ட், நீட் ரிசல்ட் வந்த அன்னைக்கு ரூம் கதவைச் சாத்திக்கிட்ட பிள்ளை கேட்க ஏங்குறதும் இதைத்தான். மார்க் பத்தி அப்புறம் பேசலாம். முதல்ல, "நீ எங்களுக்கு வேணும்டா."

அடுத்தது சுவாமிமலை. அங்கே பிரணவப் பொருளைச் சொன்னது பிள்ளை. சீடனாப் பணிஞ்சு காது கொடுத்தது அப்பா. நம்ம வீட்டுல "மனசு சரியில்லைம்மா"ன்னு பிள்ளை ஆரம்பிச்சாலே, "எங்க காலத்துல..."ன்னு நாம ஆரம்பிச்சுடுறோம். போனைக் கீழே வச்சுட்டு, குறுக்கே பேசாம பத்து நிமிஷம் கேளுங்க. பாதி பாரம் அங்கேயே இறங்கும்.

தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைஞ்சு, நண்பர்களையும் ஒதுக்கி, ரெண்டு வாரத்துக்கு மேல அப்படியே இருந்தா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. "செத்துடலாம் போல இருக்கு"ன்னு ஒரு வார்த்தை வந்தா ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். தனியா விடாதீங்க. அரசோட டெலி மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் தமிழ்லயே பேசலாம்.

"சஷ்டி விரதம் போதாதா, டாக்டர் எதுக்கு?"ன்னு சிலர் கேட்பாங்க. வைத்தீஸ்வரன் கோயில்ல அப்பா பேரே வைத்தியநாதர். அதே கோயில்லதான் நம்ம செல்வமுத்துக்குமாரரும் இருக்கார். வைத்தியமும் வழிபாடும் அங்கே பக்கத்துல பக்கத்துலதான். விபூதியும் பூசுங்க, மாத்திரையும் கொடுங்க.

இதைப் படிக்கிற தம்பி, தங்கச்சிக்கு ஒண்ணு. சொல்ல வாய் வரலைன்னா இந்தப் பதிவை அப்பா அம்மாவுக்கு அனுப்பிடு. அவங்க மலையேறி வரக் கொஞ்சம் நேரம் ஆகலாம். அதுவரைக்கும் ஒரு சித்தியோ, மாமாவோ, டீச்சரோ, யார்கிட்டயாவது பேசு. நீயும் ஒரு வீட்டோட ஞானப்பழம்தான்.

வேலும் மயிலும் துணை. முருகா சரணம்!