பெயரை மறைத்தவரின் பொறுப்பு

ஒரு பெயரையோ எண்ணையோ மென்பொருளில் இட்டால், நொடியில் அது ஒரு குறுகிய சங்கேதப் பெயரைத் தந்துவிடுகிறது. எழுத்தும் எண்ணும் கலந்த அந்தக் கோவையைப் பார்த்து மூலப்பெயரை யாராலும் சொல்ல முடியாது. மனிதர்களைப் பற்றிய பதிவேடுகளைப் பிறரிடம் கொடுக்கும் முன் இப்படிப் பெயர்களை மாற்றிவிடுவது இன்று வழக்கம். மாற்றியதும் ஒரு நிம்மதி வந்துவிடுகிறது: இனி இது யாருடைய விவரமும் அல்ல, எப்படிக் கையாண்டாலும் யாருக்கும் கேடில்லை. அந்த நிம்மதிக்கு அடிப்படை இல்லை என்றே நான் கருதுகிறேன். ஒருவருக்கு நாம் கடமைப்பட்டிருப்பது அவர் பெயருக்காக அல்ல, அவருக்காக. பெயரை மாற்றினால் கடமை தீர்ந்துவிடாது.

நியூயார்க் நகர டாக்சி நிர்வாகம், 2013ஆம் ஆண்டில் நடந்த சுமார் 17 கோடி பயணங்களின் விவரங்களைத் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டவருக்குக் கொடுத்தது. வண்டி எண்ணும் ஓட்டுநர் உரிம எண்ணும் எம்டி5 என்ற ஹாஷ் முறையில் 32 எழுத்துக் கோவைகளாக மாற்றப்பட்டிருந்தன. அந்தக் கோவையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு மூலத்தை எடுக்க வழியில்லை. எடுக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. ஓர் இலக்கம், ஓர் எழுத்து, இரண்டு இலக்கங்கள் என்பது அங்கே வண்டி எண்களின் ஒரு வகை. அந்த வகையில் 26,000 எண்களுக்கு மேல் இருக்கவே முடியாது. சாத்தியமான எண்களை எல்லாம் அதே முறையில் மாற்றி ஒப்பிட்டுப் பார்த்ததும், 2014இல் சில மணி நேரத்தில் திரை விலகிவிட்டது. எந்த ஓட்டுநர் எப்போது எங்கே போனார், எவ்வளவு கட்டணம் வாங்கினார் என்பதெல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது.

இதைக் கணிப்பொறிக்காரர்களின் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அதற்கு அடியில் ஒரு தத்துவப் பிழை இருக்கிறது. விடியலில் தெரியும் வெள்ளியும் அந்தியில் தெரியும் வெள்ளியும் ஒரே கோள்தான் என்பதை வைத்து, ஜெர்மானியத் தத்துவவாதி ஃப்ரேகே 1892இல் ஒரு வேறுபாட்டை விளக்கினார். இரண்டு பெயர்கள் ஒரே பொருளை இரு விதமாக நமக்குக் காட்டலாம். இரண்டும் ஒன்றுதான் என்று அறியாமல்கூட நாம் இருக்கலாம். அந்த அறியாமையால் வானில் கோள் இரண்டாகிவிடுவதில்லை. சங்கேதப் பெயரின் கதையும் அதுவே. அது மாற்றுவது பார்ப்பவரின் அறிவை மட்டும். குறிக்கப்படுபவர் அதே ஆள். பதிவில் இருப்பது அவர் வாழ்க்கை.

வெளியில் யாருக்கும் தெரியாத ரகசியச் சாவியைச் சேர்த்து மறையாக்கம் செய்தால் இந்தக் குறை நீங்காதா என்று கேட்கலாம். ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கும் வழி அடைபடும், உண்மைதான். அப்போது பெயருக்கும் ஆளுக்கும் இடையிலான தொடர்பு சாவி வைத்திருப்பவர் கைக்குப் போகிறது, அவர் பொறுப்பு முன்பைவிடக் கூடுகிறது. சாவியையே அழித்துவிட்டால்? ஒரே மாற்றுப்பெயரின் கீழ் சேர்ந்த தடங்கள் அப்படியேதான் இருக்கும், அவையே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடலாம். பிறந்த தேதி, பாலினம், ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றைக் கொண்டே 87 சதவீத அமெரிக்கர்களைத் தனித்து அடையாளம் காணலாம் என்று 1990ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை வைத்து ஆய்வாளர் லட்டான்யா ஸ்வீனி மதிப்பிட்டார். அதில் பெயருக்கு இடமே இல்லை. மாற்றுப்பெயர் குறுகக் குறுக வேறொரு ஆபத்தும் வருகிறது. எட்டு பதினாறிம எழுத்துகளாக (ஒவ்வொன்றும் 16 குறிகளில் ஒன்று) வெட்டினால், சுமார் 77,000 பேர் சேர்ந்ததுமே இருவருக்கு ஒரே பெயர் விழும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஒருவர் நோயோ கடனோ இன்னொருவர் கணக்கில் ஏறிவிடும்.

இவ்வளவு கறார் காட்டினால் மருத்துவ ஆய்வே நடக்காது என்பது இன்னொரு வாதம். பயன்படுத்தவே கூடாது என்று இங்கே சொல்லவில்லை. பிறர் நம்பி ஒப்படைத்த பொருளைப் போலக் கையாள வேண்டும் என்பதே கோரிக்கை. 2018இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், கூடுதல் தகவலைக் கொண்டு ஆளை அடையாளம் காண முடியுமானால் மாற்றுப்பெயரிட்ட விவரமும் தனிமனிதத் தரவே என்கிறது. ஐரோப்பாவில் ஆய்வு நின்றுவிடவில்லை. பெயர் நீங்கியதா என்று கேட்டு முடித்துக்கொள்ளாமல், இந்த விவரம் வெளியே போனால் யாருக்கு நோகும் என்று கேட்பவரே தம் கடமையைச் செய்தவர்.