குற்றமின்மை என்னும் உத்தியோகம்

ஈசாப் கதைகளில் ஒரு எக்காளக்காரன் வருகிறான். சண்டையில் எதிரிகளிடம் அகப்பட்டுக்கொள்கிறான். நான் யாரையும் கொன்றதில்லை, என்னிடம் இருப்பது இந்தப் பித்தளைக் குழல் ஒன்றுதான், என்னை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சுகிறான். உன்னைக் கொல்ல அதுவே போதுமான காரணம் என்கிறார்கள் அவர்கள். நீ கொல்லவில்லை, மற்றவர்களைக் கொல்லக் கிளப்பிவிட்டாய். கதை அத்துடன் முடிகிறது. ஈசாப்புக்குத் தீர்ப்பில் சந்தேகம் இல்லை. எனக்கு உண்டு. ராணுவ பாண்டில் 15 வருஷம் கிளாரினெட் வாசித்தவன் என்பதால் இதை என் சொந்த விவகாரம் என்று ஒதுக்கிவிட இடமிருக்கிறது. ஆனால் தன் கலையை ஒரு ஸ்தாபனத்திடம் உத்தியோகமாக ஒப்படைத்த எவருக்கும், எழுதுகிறவர்கள் உட்பட, இது பொதுவான கேள்வி என்றே நினைக்கிறேன்.

முதலில் குற்றச்சாட்டைப் பார்க்கலாம். கிளப்பிவிடுவது என்பது பாண்டு வாசித்தவர் யாரும் ஒப்புக்கொள்ள முடியாத வார்த்தை. நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 அடி. பெரிய டிரம்மின் அடி இடது கால் தரையில் படும்போது விழ வேண்டும். எங்கள் கவனமெல்லாம் இதில்தான். இதைக் கேட்டு நடப்பவனிடம் வெறுப்போ வீரமோ பொங்கி நான் கண்டதில்லை. நடப்பது வேறொன்று. தன் அடியைத் தானே எடுத்து வைக்கும் சிரமம் அவனுக்கு இல்லாமல் போகிறது. களைத்த கால்கள் நடக்கின்றன. எங்கே என்ற கேள்வியும் களைப்போடு சேர்ந்து மறைகிறது. கச்சேரி கேட்பவன் ஒரு பிடி சரியில்லை என்றால் உதட்டைப் பிதுக்கலாம், எழுந்து போகலாம். அணியில் நடப்பவனுக்கு அந்த உரிமை கிடையாது. கேட்பவனுக்கு மறுக்கும் சாத்தியத்தை விட்டுவைக்காத சங்கீதம் இது. எக்காளக்காரனைப் பிடித்தவர்கள் குற்றத்தை ஆத்திரத்தில் தேடினார்கள். அது இருக்குமானால் இந்த ஒழுங்கில்தான் இருக்க வேண்டும்.

ஆனால் இன்றைய யுத்தத்துக்கு யாரும் பாண்டின் பின்னால் நடந்து போவதில்லை. பிறகு எதற்காக ஒரு ராணுவம் குழல்களையும் கொம்புகளையும் வைத்துக் காப்பாற்றுகிறது? பச்மடியில் ராணுவ இசைக்கென்றே ஒரு பயிற்சிப் பிரிவு எதற்காக இருக்கிறது? ஜனவரி 29ஆம் தேதி மாலை தில்லி விஜய் சௌக்கில் படைகள் பாசறை திரும்பும் நிகழ்ச்சியை நினைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். ராணுவம் அங்கே ஜனங்கள் முன் சங்கீதமாக வந்து நிற்கிறது. கைதட்டல் கிடைக்கிறது. கொல்லும் சக்தியை அடிப்படையாகக் கொண்ட ஒரு ஸ்தாபனம், தன்னிடமுள்ள கொல்லாத பகுதியை முன்னால் நிறுத்தித் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது. அந்தப் பகுதி நான். நான் யாரையும் கொன்றதில்லை என்று எக்காளக்காரன் சொன்னது நிஜம். ஆனால் அந்த நிஜத்தை அவன் தன் தரப்பு சாட்சியாகக் கொண்டுவர முடியாது. கொல்லாதவனாக இருப்பதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். அவனுடைய குற்றமின்மை அவன் உத்தியோகத்தின் பகுதி.

எதை வாசிப்பது என்பதும் அவன் கையில் இல்லை. காந்திக்குப் பிடித்த 'அபைட் வித் மீ' என்ற ஆங்கிலத் துதிப்பாடல் அந்த நிகழ்ச்சியில் பல்லாண்டுகள் ஒலித்தது. 2022இல் அதை நீக்கிவிட்டு 'ஏ மேரே வதன் கே லோகோ'வை வைத்தார்கள். இது சரியா தவறா என்று நாடெங்கும் விவாதம் நடந்தது. வாசிப்பவனுக்கு ஸ்வரத்தாள் மாறியது, அவ்வளவே.

இதற்கெல்லாம் எங்கள் தரப்பில் ஒரு பதில் உண்டு. லேசான பதில் என்று அதைத் தள்ளிவிட முடியாது. யுத்தம் என்று வந்தால் வாத்தியங்கள் பெட்டிக்குள் போய்விடும். பாண்டுக்காரன் ஸ்ட்ரெச்சர் தூக்க வேண்டும். பிரிட்டிஷ் காலத்திலிருந்து வரும் வழக்கம் இது. ரத்தத்தை நிறுத்தக் கட்டுப்போடுவது, முறிந்த காலை அசையாமல் கட்டுவது எல்லாம் ஸ்வரத்தோடு சேர்த்து நாங்கள் கற்றவை. ஸ்ட்ரெச்சர் தூக்குவதில் ஒரு விதி உண்டு. அடி ஒத்துப்போகக் கூடாது. முன்னால் போகிறவன் இடது காலை எடுத்தால் பின்னால் வருகிறவன் வலது காலை எடுக்க வேண்டும். இருவரும் ஒரே காலை எடுத்து வைத்தால் துணி ஊஞ்சலாடும், கிடப்பவனுக்கு வலிக்கும். அணியில் எதை நாங்கள் வருஷக்கணக்கில் கட்டிக் காத்தோமோ அதை இங்கே வேண்டுமென்றே கலைக்க வேண்டும்.

இந்த ஆறுதலையும் காந்தி அனுமதிக்கவில்லை. 1899இல் போயர் யுத்தம் மூண்டபோது நேட்டாலில் சுமார் 1,100 இந்தியர்களைக் கொண்ட ஆம்புலன்ஸ் படையை அமைத்தவர் அவர். அதில் பெரும்பகுதி ஒப்பந்தக் கூலிகள். இருந்தும் 'சத்திய சோதனை'யில் அவர் சொல்வது இது: கொள்ளைக்கூட்டத்தில் காயம்பட்டவனுக்குப் பணிவிடை செய்கிறவனும் கொள்ளையில் பங்காளிதான். அதுபோலப் போரில் காயம்பட்டவர்களை மட்டுமே கவனிப்பவனும் போரின் குற்றத்திலிருந்து விடுபட முடியாது. தர்க்கத்தில் இதற்கு மறுப்பு எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் புறநானூற்றின் 281ஆம் பாட்டு இந்த இடத்தில் குறுக்கே வந்து நிற்கிறது. அரிசில்கிழார் பாடியது. வீட்டில் வேப்பிலை செருகி, வெண்கடுகு தூவி, யாழும் குழலும் மணியும் ஒலிக்க, காஞ்சி பாடி, விழுப்புண் பட்டவனைக் காக்க வாருங்கள் என்று ஒரு பெண் தோழியரை அழைக்கிறாள். அவனைக் களத்துக்கு அனுப்பியபோதும் முரசு ஒலித்திருக்கும். புண்ணருகே விழித்திருப்பதும் வாத்தியங்களே. இரண்டாவது முதலாவதை அழித்துவிடுகிறது என்று பாண்டுக்காரன் சொல்கிறான். முதலாவது இரண்டாவதை அழித்துவிடுகிறது என்று காந்தி சொல்கிறார். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்க்கும் இந்தக் கணக்கே எனக்குச் செல்லுபடியாகவில்லை. இரண்டும் நடந்தவை. இரண்டும் அப்படியே நிற்கின்றன.

நான் இப்போது இருப்பது சிவகாசிக்குப் பக்கத்தில். குற்றமின்மையைத் தயாரிக்கும் வேறொரு தொழில் இங்கே நடக்கிறது. வெடிக்குள் போவதற்கு இந்த வட்டாரத்தில் மருந்து என்றே பெயர். கருமருந்தின் பழைய விகிதம் வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10. பல நூற்றாண்டுகள் பீரங்கியில் அடைத்ததும் இதைத்தான். இந்த மருந்தைக் குழந்தை கையில் கொடுக்கலாம் என்ற நிலைக்குக் கொண்டுவர, அலுமினியத் தூள் படிந்த விரல்களோடு ஒருத்தி நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கிறாள். மருந்தின் கொலைக்குணம் அதனால் ஒழிந்துவிடுவதில்லை. இடம் மாறி, வாங்குகிறவன் கண்ணில் படாத ஒரு அறைக்குள் தங்கிக்கொள்கிறது. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் அது வெளியே வந்தபோது 30க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உதவிக்கு ஓடிப்போனவர்களும் அவர்களில் உண்டு. மத்தாப்புக் கொளுத்துகிறவனின் சந்தோஷம் பொய் என்று சொல்ல வரவில்லை. அந்தச் சந்தோஷத்தின் களங்கமின்மை வேறு யாரோ செய்து கொடுத்தது என்கிறேன். பாண்டைக் கேட்டுக் கைதட்டுகிறவனின் களங்கமின்மையும் அப்படித்தான். வித்தியாசம் ஒன்று உண்டு, அது எனக்குச் சாதகமாக இல்லை. மருந்து அடைப்பவள் அபாயத்தைத் தன் உடம்பில் வாங்கிக்கொள்கிறாள். நான் அமைதிக்காலத்தில் வாசித்துவிட்டு ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவன்.

அப்படியானால் குற்றம் சங்கீதத்திலேயே ஊறியிருக்கிறதா என்று கேட்கலாம். இதைச் சோதித்துப் பார்க்கத் தூரமாகப் போக வேண்டியதில்லை. சாத்தூர், கோவில்பட்டி தாண்டினால் எட்டயபுரம். முத்துஸ்வாமி தீக்ஷிதர் 1835இல் தீபாவளியன்று அங்கேதான் காலமானார். இளமையில் மணலியில் இருந்தபோது செயிண்ட் ஜார்ஜ் கோட்டையில் கம்பெனி பாண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டவர் அவர். அந்த மாதிரி மெட்டுகளில் ஏறக்குறைய 40 நோட்டுஸ்வரங்கள் செய்தார். பிரிட்டிஷ் ராஜ வாழ்த்தின் மெட்டு அவர் கையில் சியாமளையின் துதியாயிற்று. தம்பி பாலுஸ்வாமி அதே சூழலில் வயலின் கற்று எட்டயபுரம் சமஸ்தான வித்வானானார். 1799இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது இந்தக் கம்பெனிப் படை. எட்டயபுரம் அன்று அதன் பக்கம் நின்ற பாளையம். இவ்வளவும் தெரிந்த பிறகும் அந்த நோட்டுஸ்வரங்களில் ரத்தவாடை எதுவும் எனக்குத் தட்டுப்படவில்லை. காரணம் தீக்ஷிதரின் பக்தி என்று சொல்லிவிட்டுப் போகலாம். வாத்தியக்காரனாக நான் காணும் காரணம் இன்னும் ஸ்தூலமானது. அவர் மெட்டை எடுத்துக்கொண்டு காலை விட்டுவிட்டார். அதைக் கேட்டு யாரும் யாரோடும் அடி சேர வேண்டியதில்லை. மெட்டு இப்படி எங்கும் போய்விடும், எதையும் ஒட்டவைத்துக்கொள்ளாது. வாசித்தவன் அப்படிப் போக முடியாது. எங்கே வாசித்தான், யார் நடப்பதற்காக வாசித்தான் என்பது அவனோடு தங்கிவிடுகிறது.

ஆகவே எக்காளக்காரனிடம் நான் எதிர்பார்ப்பது ஒன்றுதான். குழலைக் காட்டித் தன்னைச் சுத்தமானவன் என்று சொல்லாமலிருப்பது. அவனைக் கொல்லலாம் என்ற தீர்ப்பு இதிலிருந்து வராது. பிடித்தவர்களின் படையிலும் ஒரு எக்காளக்காரன் இருந்திருப்பான், அவனை அவர்கள் எதுவும் கேட்கவில்லை. தன் தரப்பின் சங்கீதம் எவனுக்கும் குற்றமாகக் கேட்பதில்லை என்பது அந்தக் கதையில் ஈசாப் சொல்லாமல் விட்டது.

இப்போது விருதுநகர்ப் பக்கம் கல்யாண ஊர்வலங்களில் பாண்டு செட்டோடு வாசிக்கிறேன். அதே கிளாரினெட், அநேகமாக அதே விரல்கள். பின்னால் வருகிறவர்கள் பேசிக்கொண்டும், நின்று டீ குடித்துவிட்டு ஓடிவந்து சேர்ந்துகொண்டும் நடக்கிறார்கள். ஒருவர் அடி ஒருவரோடு ஒத்துப்போவதில்லை. இதனால் குழல் சுத்தமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். குழலில் அழுக்கு என்றைக்கும் இருந்ததில்லை. பெரிய டிரம் விழும்போதெல்லாம் என் இடது கால் மட்டும் இன்னும் சரியாகத் தரையில் படுகிறது.