காதிடுக்கில் இருந்த டிக்கெட்

நீங்கள் ஒரு பேங்க்குக்குள் நுழைகிறீர்கள். கம்ப்யூட்டர், லாக்கர், சலான், ரப்பர் ஸ்டாம்ப் எல்லாம் இருக்கிறது. ‘இது நிஜ பேங்க்தானா?’ என்று கேட்பீர்களா? கேட்டால் பக்கத்தில் நிற்பவர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்.

பண்ருட்டியில் ஒருவர் கேட்டார். 2020 ஜூலை, கொரோனா ஊரடங்கு காலம். ஸ்டேட் பேங்க்குக்கு ஊரில் புதுசாக ஒரு கிளை முளைத்திருக்கிறதே என்று, பழைய கிளை மேனேஜரிடமே போய் விசாரித்தார். அப்படி ஒரு கிளையே கிடையாது! அதிகாரிகள் போய்ப் பார்த்தால், அச்சு அசல் பேங்க். நடத்தியது 19 வயதுப் பையன். அப்பா, அம்மா இருவருமே பேங்க்கில் வேலை பார்த்தவர்கள். அப்பா இறந்த பிறகு கருணை அடிப்படையில் வேலை கேட்டிருக்கிறான், இழுத்துக்கொண்டே போயிருக்கிறது. ‘வேலை தராவிட்டால் போங்கள், பேங்க்கையே திறக்கிறேன்’ என்று கிளம்பிவிட்டான் போலிருக்கிறது. அவனோடு சலான் அச்சடித்தவரும், ஸ்டாம்ப் செய்து கொடுத்தவரும் கைதானார்கள். இதில் வேடிக்கை என்ன தெரியுமா? பணம் போச்சு என்று ஒருத்தர்கூடப் புகார் கொடுக்கவில்லை.

சிரித்துவிட்டீர்களா? நானும் சிரித்தேன். அப்புறம் ஒரு சந்தேகம் வந்தது. தோற்றத்தைப் பார்த்து நம்புவது முட்டாள்தனம் என்றால், வேறு எதைப் பார்த்து நம்புவது? காக்கிச் சட்டையைப் பார்த்துத்தான் கண்டக்டரிடம் காசு கொடுக்கிறோம். அடையாள அட்டையைக் காட்டச் சொன்னால் பஸ் புளியங்குடி தாண்டாது. பி.காம். படித்தபோது ஆடிட்டிங் பாடத்தில் ஒரு வழக்கு வரும். 1896, கிங்ஸ்டன் காட்டன் மில். ஆடிட்டர் காவல்நாய்தான், மோப்பநாய் இல்லை. சந்தேகப்பட முகாந்திரம் இல்லாதபோது நம்பலாம் என்றார்கள் நீதிபதிகள். நியாயம்தான். ஆனால் அந்த முகாந்திரம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் எதிரே நிற்பவனின் சட்டையிலிருந்து.

ஓ ஹென்றி இதை நன்றாகப் புரிந்துகொண்டவர். அவரே டெக்ஸாஸில் பேங்க் டெல்லராக இருந்து, கையாடல் வழக்கில் 1898-ல் தண்டனை பெற்று, மூன்று வருஷத்துக்கு மேல் ஜெயிலில் இருந்தவர். அவர் 1904-ல் எழுதிய கதை ஒன்றில், குளிர்காலத்தை ஜெயிலில் கழிக்க ஆசைப்படும் ஒரு நாடோடி, கடைக் கண்ணாடியை உடைத்துவிட்டு அங்கேயே நிற்பான். போலீஸ்காரர் நம்பமாட்டார். உடைத்தவன் நிற்பானா? வண்டியைப் பிடிக்க ஓடும் வேறொருவனைத் துரத்திக்கொண்டு போவார். கடைசியில் திருந்தி வாழலாம் என்று அவன் முடிவெடுக்கும் நிமிடத்தில்தான் கைது செய்வார்கள்.

அந்தக் கதையை நான் படிப்பதற்கு முன்பே, திசையன்விளை பஸ்ஸில் அனுபவித்துவிட்டேன்.

பி.காம். இரண்டாம் வருஷம். நெல்லையிலிருந்து சொந்தக்கார வீட்டுக்குப் போகிறேன். இன் பண்ணின சட்டை, கையில் அதே ஆடிட்டிங் புத்தகம். கூட்டம் பிதுங்குகிறது. கண்டக்டர் நெருங்கும்போதெல்லாம் ஜன்னல் வழியே மேகத்தை ஆராய்ந்தேன். டிக்கெட் காசுக்குத் திசையன்விளையில் பரோட்டாவும் சால்னாவும் என்பது திட்டம். நாங்குநேரியில் செக்கிங் ஏறியது.

“என்ன தம்பி, காலேஜா?”

“ஆமா சார். பி.காம்.”

“நல்லா படிங்க.” அவ்வளவுதான். தாண்டிப் போய்விட்டார்.

அடுத்து நின்றவர் ஒரு பனையேறி. அழுக்கு வேட்டி, நெஞ்சில் மரம் உரசிய காய்ப்பு, இடுப்பில் அருவாப்பெட்டி. “ஏய், டிக்கெட்ட எடு!” அவர் மடியைத் தடவினார், சுருக்குப்பையைத் தடவினார். இல்லை. பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். பையைக் கொட்டச் சொன்னார்கள். பஸ்ஸே வேடிக்கை பார்த்தது, நானும்தான். ‘இவனுங்களே இப்படித்தான்’ என்று ஒரு குரல். அந்தக் குரலுக்கு நான் தலையாட்டினேனோ என்று இன்றைக்கும் ஒரு உறுத்தல் உண்டு. ஐந்து நிமிஷம் கழித்து ஒரு சின்னப் பிள்ளை கை நீட்டியது: “அவுக காதுல இருக்கு.” நாலாக மடித்து, காதிடுக்கில், எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

இத்தனைக்கும் எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தோற்றத்தைச் சந்தேகிக்கச் சொல்லியா தர வேண்டும்? சந்தைக்குக் கருப்பட்டி வாங்கப் போனால், பளபளவென்று மின்னுவதை ஒதுக்கிவிடுவார்கள். சீனி கலந்திருக்கும் என்பது கணக்கு. மங்கலாக, கோணல்மாணலாக இருப்பதைத்தான் கிள்ளி வாயில் போட்டுப் பார்ப்பார்கள். கருப்பட்டிக்குக் கொடுக்கும் மரியாதையை, அதைக் காய்ச்சப் பதநீர் இறக்குகிறவருக்கு அன்று அந்த பஸ்ஸில் ஒருத்தரும் கொடுக்கவில்லை.

திசையன்விளையில் இறங்கினேன். அவரும் இறங்கினார். பின்னாலேயே வந்து தோளைத் தொட்டார். எனக்குக் கை கால் உதறியது. பக்கத்திலேயே நின்றவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

மெதுவாகக் கேட்டார்: “ஏ தம்பி, டிக்கெட்டுக்குக் காசு இல்லன்னா ஏங்கிட்ட சொல்லக் கூடாதா? நான் எடுத்திருப்பேம்லா. படிக்கிற புள்ள.”

சட்டைப் பையில் பரோட்டா காசு கனத்தது. “சரி அண்ணாச்சி” என்று மட்டும் சொன்னேன். அவர் பெட்டியைச் சரிசெய்துகொண்டு சந்தைப் பக்கம் நடந்துவிட்டார்.

அன்றைக்குப் பரோட்டா சாப்பிட்டாயா என்றுதானே கேட்கிறீர்கள்? சாப்பிட்டேன்.