ஒரே ஊற்று, பல பங்கு



திருநெல்வேலிச் செம்மண் தோட்டங்களிலே பங்குக் கிணறுகளைக் கண்டிருப்பீர்கள். கிணறு ஒன்று, அதில் பல குடும்பங்களுக்கு உரிமை. இன்னாருக்கு இன்ன நாள் தண்ணீர் என்று முறையும் உண்டு. முறை தவறினால் சண்டை மூளும். கோடு கச்சேரி வரை போவதும் உண்டு. ஆயினும் அடியில் சுரக்கும் ஊற்றை இதுவரை எவரும் பங்கு பிரித்ததில்லை. பிரிக்கவும் இயலாது.

கிறிஸ்தவர்களாகிய நமது நிலையும் இதுவே. கத்தோலிக்கர், அங்கிலிக்கர், மெதடிஸ்தர், தென்னிந்தியத் திருச்சபையார் என்று பங்குகள் பல. நாம் பெற்ற ஞானஸ்நானமோ ஒன்றே.

நம் பாட்டன் பாட்டிமார் இராயப்பர், சின்னப்பர், அருளப்பர் என்றனர். அயல்வீட்டுச் சபையார் பேதுரு, பவுல், யோவான் என்றனர். அதே அப்போஸ்தலர்கள், வேறு வேறு பெயர்கள்! கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து உழைத்த பொது மொழிபெயர்ப்பு 1995-இல் வெளிவந்தபின், நம் ஆலயங்களிலும் பேதுரு, பவுல், யோவான் என்றே வாசிக்கிறோம். இதனால் நம் விசுவாசம் குறைந்துவிடவில்லை.

1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, அமெரிக்க மிஷன் வழிவந்த யாழ்ப்பாணச் சபைகளும் அதில் இணைந்தன. 1964 நவம்பர் 21-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஒன்றிப்பு பற்றிய ஏட்டை வெளியிட்டு, பிரிந்த சபையாரைச் சகோதரர் என்றே அழைத்தது. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று, கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் கத்தோலிக்கர் மாண்டனர். மட்டக்களப்பு சீயோன் ஆலயத்தில் பிற சபைப் பிள்ளைகள் மாண்டனர். கொன்றவர்கள் சபை வேறுபாடு பார்க்கவில்லை. சிந்திய இரத்தம் ஒன்றாயிற்று. உயிரோடிருக்கும் நாம் ஏன் விலகி நிற்கிறோம்?

ஊதாரி மைந்தன் உவமையை நினைத்துப் பாருங்கள். வீட்டினுள்ளே விருந்து, ஆடல் பாடல். மூத்தவனோ வாசலில் நிற்கிறான். அவனுக்கு விருந்தில் வெறுப்பில்லை. தம்பி உள்ளே இருப்பதே அவனுக்குத் தடை. மகள் வேறு சபையில் வாழ்க்கைப்பட்டாள் என்று அவள் கலியாணத்துக்கே போகாத தகப்பன்மார் நம்மிடையே இல்லையா? சகோதரத்தின் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்றால், எந்தக் கோயிலில் என்று கேட்டபின் கால் எடுத்து வைப்பவர்கள் இல்லையா? குடிதண்ணீர்க் கிணற்றிலும் சாதி பார்த்த ஊர் நம்முடையது. அந்த நோய் கோயில் வாசலிலும் தொற்றியிருந்தால் அதைக் கழுவ வேண்டியவர்கள் நாமே.

நற்கருணையை ஒரே பீடத்தில் பகிர இன்னும் வழி பிறக்கவில்லை. அந்த வேதனையை மூடி மறைக்க வேண்டாம், செபமாக மாற்றுவோம். சேர்ந்து செபிக்கவும், சேர்ந்து பசித்தவனுக்குச் சோறிடவும் நமக்குத் தடையில்லை.

ஆண்டுதோறும் ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரம். தைப்பொங்கல் கழிந்து சில நாளில் வருகிறது. பொங்கலை வேலிக்கு அப்பால் சைவ அயலவர்க்கும் கொடுத்து மகிழும் நாம், அந்த வாரத்தில் முகம் முறிந்த ஒரு வீட்டுப் படலையைத் திறப்போம். உவமையில் தந்தை விருந்தை விட்டு வெளியே வந்து மூத்தவனைக் கெஞ்சி அழைத்தார். அவன் உள்ளே சென்றானா என்று ஆண்டவர் சொல்லவில்லை. அந்த விடையை நம்மிடமே விட்டிருக்கிறார்.